‘அப்டேட்டை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க சார்!’

2003 ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெட்டி இன்னும் ஞாபகம் இருக்கும். டயல்-அப் மோடம் கீச்சிட்டு, இணைப்பு கிடைத்த கொஞ்ச நேரத்தில் திரை நடுவே அது எழும். ‘சிஸ்டம் ஷட்டவுன் ஆகப்போகிறது, வேலையை சேவ் செய்துகொள்ளுங்கள்’ என்று எச்சரித்துவிட்டு 60, 59, 58 என்று எண்ணத் தொடங்கும். எண்ணி முடித்ததும் கம்ப்யூட்டர் அணைந்து, தானே மறுபடி எழும். மறுபடி நெட் போட்டால் மறுபடி அதே பெட்டி. சம்பந்தப்பட்டவர் எந்த மெயிலையும் திறந்திருக்க மாட்டார், எந்த ஃபைலையும் டவுன்லோடு செய்திருக்க மாட்டார். நெட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

‘பிளாஸ்டர்’ என்ற புழுவின் வேலை அது. வைரஸ் ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த ஃபைலை யாராவது திறந்தால்தான் அதற்கு உயிர் வரும். புழுவுக்கு அந்த உதவிகூட வேண்டாம். நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களின் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்தது பிளாஸ்டர். 135-ஆம் எண் போர்ட் திறந்திருந்த இடத்தில், விண்டோஸின் ஆர்பிசி சேவையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கியது. அந்த 60 நொடிப் பெட்டி அதன் திட்டத்திலேயே இல்லாதது. புழு நுழைகிற வேகத்தில் ஆர்பிசி சேவை உடைந்து விழும். அது விழுந்தால் விண்டோஸ் மறுபடி தொடங்கியே ஆக வேண்டும். அடுக்களையில் பாத்திரம் உருண்ட சத்தத்தில் திருடன் வந்தது தெரிகிற கதைதான்.

புழுவின் கோடுக்குள் மைக்ரோசாஃப்ட் அதிபருக்கு ஒரு செய்தியும் இருந்தது. பில்லி கேட்ஸ், ஏன் இதற்கெல்லாம் இடம் கொடுக்கிறாய், பணம் பண்ணுவதை நிறுத்திவிட்டு உன் சாஃப்ட்வேரைச் சரிசெய் என்பது அதன் சாரம். படிக்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை ஜூலை 16-ஆம் தேதியே அடைத்து, பேட்சை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டிருந்தது. புழு கிளம்பியது ஆகஸ்ட் 11. நடுவில் 26 நாள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்றதும் ‘எந்த ஆன்ட்டி வைரஸ் நல்லது?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பேசவேண்டியது அந்த 26 நாளைப் பற்றி.

புழுக்களின் பஞ்சாங்கம்

பெயர் வாங்கிய புழுக்களின் தேதிகளை எடுத்துப் பாருங்கள். 2003 ஜனவரி 25-ஆம் தேதி கிளம்பிய ‘ஸ்லாமர்’ மொத்தமே 376 பைட். நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்தியைவிடச் சிறியது. தாக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் பத்தில் ஒன்பதை அது பத்தே நிமிடத்தில் தொட்டுவிட்டது. அதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில், வந்திருந்தது. 2004-இல் ‘சாஸர்’: பேட்ச் ஏப்ரல் 13, புழு ஏப்ரல் 30. எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்வென் யாஷன், அப்போதுதான் பதினெட்டைத் தொட்ட மாணவர். 2017-இல் ‘வான்னாக்ரை’: பேட்ச் மார்ச் 14, தாக்குதல் மே 12. 59 நாள் அவகாசம் கிடைத்தும் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆராய்ச்சியாளர், அந்தப் புழு கூப்பிட்டுப் பார்க்கும் ஓர் இணைய முகவரி யாராலும் பதிவு செய்யப்படாமல் இருப்பதைக் கவனித்து, 10.69 டாலர் கட்டித் தன் பெயரில் பதிந்தார். அந்த முகவரி பதில் சொன்னதும் புழு பரவுவதை நிறுத்திக்கொண்டது. அப்படி ஓர் அதிர்ஷ்டம் அடுத்த முறையும் வாய்க்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பேட்ச் வந்தபின் புழு வருவது தற்செயல் இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பேட்சே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். விவரம் தெரிந்தவனுக்கு மீதி வேலை சுலபம். ஆகவே அப்டேட் வெளியான நாளிலிருந்து, அதைப் போடாத கம்ப்யூட்டர் முன்னைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. ‘பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையே’ என்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பிளாஸ்டர் மைக்ரோசாஃப்டுக்கும் பாடம் புகட்டியது. 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தோறும் பாதுகாப்புப் பேட்சுகளை மொத்தமாக வெளியிடும் வழக்கம் தொடங்கியது. நம் ஊர்க் கணக்கில் அன்று இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே ஆன் செய்து வைத்தது. அதுவரை விண்டோஸில் ஃபயர்வால் இருந்தும் அணைத்தேதான் வந்துகொண்டிருந்தது! இன்று வீட்டில் இருக்கும் வைஃபை ரூட்டரும் வெளியிலிருந்து தட்டுகிறவர்களை உள்ளே விடாமல் தடுத்துவிடும். டயல்-அப் காலத்தில் கம்ப்யூட்டர் நேராகத் தெருவில் நின்றது.

ஆஃப் செய்து வைத்தது யார்?

எந்த ஊரிலும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொடுப்பவர் சொல்லிவிட்டுப் போகும் வாசகம் ஒன்று உண்டு. ‘ஓஎஸ் போட்டாச்சு, ஆபீஸ் போட்டாச்சு, போட்டோஷாப்பும் இருக்கு. அப்டேட்டை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், அதை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க சார்.’ அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்காத விண்டோஸ் அது. அப்டேட் ஓடினால் குட்டு வெளிப்பட்டு, கஸ்டமர் மறுநாளே போன் போடுவார் என்ற பயம்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட், திருட்டு எக்ஸ்பி வைத்திருந்தவர்களின் வால்பேப்பரைக் கறுப்பாக்கும் அப்டேட் ஒன்றை அனுப்பியது. கருந்திரைக்குப் பயந்து உலகம் முழுக்க எத்தனையோ பேர் அப்டேட்டையே அணைத்தார்கள். அதே வருடம் அக்டோபர் 23-இல், வழக்கமான செவ்வாய்க்குக்கூடக் காத்திராமல் அவசரப் பேட்ச் ஒன்று வந்தது. நவம்பரில் ‘கான்ஃபிக்கர்’ கிளம்பியது.

இந்தக் கான்ஃபிக்கரின் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நெட்வொர்க் வழியாக மட்டுமல்லாமல் பென் டிரைவிலும் ஏறிப் பயணம் செய்தது. அப்படிப்பட்ட பென் டிரைவைச் செருகினால் ‘என்ன செய்ய வேண்டும்?’ என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி வரும். அதில் ‘ஃபோல்டரைத் திறந்து ஃபைல்களைப் பார்’ என்ற வரி இரண்டு முறை இருக்கும், இரண்டுக்கும் அதே மஞ்சள் ஃபோல்டர் படம். கீழே இருப்பது விண்டோஸ் காட்டுவது. மேலே இருப்பது புழு எழுதிவைத்தது. நம் கை எதில் போகும்? உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தியது. ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாமல் செய்தது. இதையே பொறியாக்கி, அந்தத் தளங்களின் சின்னங்களை ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள் நிபுணர்கள். படங்கள் தெரியவில்லை என்றால் உங்கள் கம்ப்யூட்டரில் கான்ஃபிக்கர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற அந்தப் பயமே பெரும்பாலும் வீண். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸுக்கும் முக்கியமான பாதுகாப்புப் பேட்சுகள் அன்றும் வந்தன, விண்டோஸ் 10-க்கும் வந்தன, இன்றும் விண்டோஸ் 11-க்கு வருகின்றன. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸை ஏமாற்றி ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லி நெட்டில் கிடைக்கும் அந்தச் சின்ன ‘ஆக்டிவேட்டர்’ ஃபைலில்.

கிராக்கில் வந்த பூட்டு

2018-லிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் அழவைத்த, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ என்ற குடும்பம். வான்னாக்ரை அளவுக்குப் பத்திரிகைகளில் பெயர் அடிபடாததற்குக் காரணம், அது குறிவைத்தது மருத்துவமனைகளை இல்லை. கல்யாண ஆல்பம் போடுகிறவர், புராஜெக்ட் முடிக்கத் தவிக்கிற மாணவர், கணக்கு எழுதுகிற சிறு வியாபாரி. சாஃப்ட்வேர் பெயரோடு ‘கிராக்’, ‘கீஜென்’ என்று சேர்த்துத் தேடுகிறவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். அப்படி இறக்கிய ஃபைலோடு ஒரு குறிப்பும் வரும்: ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்ட்டி வைரஸை அணைக்கவும்.’ கிராக் என்றாலே ஆன்ட்டி வைரஸ் கத்தும் என்பது பழகிப்போன விஷயம் என்பதால் நாமும் அணைத்துவிடுகிறோம்.

பிறகு நடப்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். திரையில் ‘விண்டோஸ் அப்டேட்’ ஓடுகிறது, தயவுசெய்து காத்திருங்கள் என்று ஒரு பெட்டி வரும். போலி. அது ஓடுகிற நேரத்தில் உள்ளே போட்டோ, வேர்டு, எக்செல் என்று ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். வருடக்கணக்கில் நிஜ அப்டேட்டை அண்டவிடாத வீட்டில் பொய் அப்டேட் பொறுமையாக உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். முடிந்தபின் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கட்டினால் சாவி, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடி!

போன ஃபைல்கள் திரும்புமா? சில சமயம். பூட்டும் நேரத்தில் அந்த ரேன்சம்வேரால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால், தன்னிடமே இருக்கும் பொதுச் சாவியைப் பயன்படுத்தும். அந்தச் சாவி வெளியே தெரிந்துவிட்டால் அதே வகையில் மாட்டியவர்கள் பலரும் தப்பலாம். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி வெளியிட்டது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் ஆகியோர் முன்னின்று 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் பல ரேன்சம்வேர்களுக்கான சாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொரு சின்ன ஆறுதல்: வேகத்துக்காக இது ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். அதனால் பெரிய வீடியோ ஃபைல்களைப் பழுதுபார்த்து ஓட வைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சர்வரிலிருந்து தனிச் சாவி வந்து பூட்டியிருந்தால், கடைக்காரர் எத்தனை ஆயிரம் கேட்டாலும் திறக்க முடியாது. ‘ரெக்கவர் பண்ணித் தர்றேன்’ என்கிறவரிடம் முதலில் ஒரே ஒரு ஃபைலைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள்.

பூட்டுவதற்கு முன்னால் பாஸ்வேர்டு திருடும் நிரலையும் இந்தக் குடும்பம் இறக்கிவிட்டுப் போவது வழக்கம். பலர் ஃபார்மட் அடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பிரவுசரில் சேமித்து வைத்த மெயில், பேங்க் பாஸ்வேர்டுகள் ஏற்கெனவே போயிருக்கலாம் என்பது உறைப்பதில்லை. அவற்றை வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலோ போனிலோ உட்கார்ந்து அன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஜெராக்ஸ் கடை போய்வந்த பென் டிரைவ்

நம் ஊருக்கே உரிய பாதை ஒன்று உண்டு. ஹால் டிக்கெட், வருமானச் சான்றிதழ், ரெஸ்யூம் என்று எதை பிரின்ட் எடுக்கவும் பென் டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறோம். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நாளில் ஊர்ப்பட்ட பென் டிரைவ் செருகப்படுகிறது. வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறி. ஷார்ட்கட் வைரஸ்.

நிஜ ஃபோல்டர்கள் அழிந்துவிடவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அதே பெயரில் அதே படத்தோடு ஷார்ட்கட்டை உருவாக்கி வைத்திருக்கிறது அது. டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த நொடி உங்கள் நிஜ ஃபோல்டரையும் திறந்து காட்டும். காரியம் நடந்துவிட்டதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. அம்புக்குறியைப் பார்த்தால் கிளிக் செய்யாதீர்கள், பயந்து ஃபார்மட்டும் அடிக்காதீர்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். நிஜ ஃபோல்டர்கள் மங்கலாக வெளியே வரும். தேவையானதை மட்டும் நகலெடுத்துக்கொண்டு அப்புறம் பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்யூட்டரையும் ஸ்கேன் செய்யாவிட்டால் அடுத்த பென் டிரைவுக்கும் அது தொற்றும். பிரின்ட்டுக்கென்றே பழைய பென் டிரைவ் ஒன்றை ஒதுக்கி, தேவையான ஒரு பிடிஎஃப் மட்டும் போட்டு எடுத்துப்போவது நல்ல பழக்கம். ஆதார் நகலைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் வைரஸ் வராதுதான். ஆதார் அவரிடமே தங்கிவிடும்.

அதே ஆப்ஷன்ஸ் பெட்டியில் இன்னொரு டிக்கையும் எடுக்கவேண்டும்: ஃபைல் பெயரின் பின்னொட்டை மறைப்பது. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற மெயில் கிளம்பி உலகத்தையே உலுக்கியதற்கு இந்த டிக்தான் துணைபோனது. இணைப்பாக வந்த காதல் கடிதம் வெறும் எழுத்து ஃபைல்போலத் தெரிந்தது. கடைசியில் இருந்த ‘விபிஎஸ்’ என்ற நிரல் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிட்டது. எழுதிய ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவரைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை. கால் நூற்றாண்டு கடந்தும் விண்டோஸ் அதே பின்னொட்டை மறைத்தேதான் வருகிறது. ‘இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்’ என்று தெரிவதன் பின்னால் ‘டாட் எக்ஸி’ ஒளிந்திருக்கலாம்.

புதிய வேடம் ஒன்றும் சுற்றுகிறது. ‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபிக்கச் சொல்லும் பக்கம்; டிக் அடித்ததும் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கன்ட்ரோல்-வி கொடு, என்டர் தட்டு என்று வரிசையாகச் சொல்லும். நீங்கள் பேஸ்ட் செய்வது அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளை. பாஸ்வேர்டு திருடனை நம் கையாலேயே அழைத்துவரும் வேலை. எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது.

காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

ஆன்ட்டி வைரஸ் கேள்விக்கு வருவோம். புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்த்த கைலாஷ் காட்கர் தம்பி சஞ்சயோடு சேர்ந்து வளர்த்த குயிக் ஹீல், சென்னையில் பிறந்த கே7 என்று நம் நாட்டுத் தயாரிப்புகளே ஃப்ளாப்பி காலத்திலிருந்து இருக்கின்றன. நல்ல சரக்குதான். ஆனால் விண்டோஸ் 8 முதல் டிஃபென்டர் என்ற ஆன்ட்டி வைரஸ் அதனுடனேயே வருகிறது. அப்டேட் ஓடும், கிராக் நுழையாத வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. குழந்தைகள் கண்டதையும் இறக்குகிற வீடு என்றால் காசு கொடுத்து ஒன்று வாங்கலாம், ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கம்ப்யூட்டரை நத்தையாக்கிவிடும். பிரவுசரில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்’ என்று அலறுவது மோசடி; ஜன்னலை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ தளத்திலும் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் உண்டு.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குத்தான் அவசரம். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பேட்சுகள் நின்றுவிட்டன. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இதற்குக் காசு வேண்டாம். விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புராசஸராவது வேண்டும். இல்லாத பழைய சிஸ்டத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நெட், மெயில், கடிதம் அடிப்பது மட்டும்தான் வேலை என்றால் லினக்ஸ் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலேயே பேசும்.

ரூட்டரையும் சிசிடிவி பெட்டியையும் மறந்துவிடாதீர்கள். 2016-இல் ‘மிராய்’ என்ற புழு, கம்பெனி வைத்த ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் கூட்டாகச் சேர்த்து, அமெரிக்காவில் பெரிய தளங்களையே ஒரு நாள் முடக்கிப்போட்டது. அந்தப் பாஸ்வேர்டை மாற்றப் பத்து நிமிடம் ஆகாது.

எதுவும் கைகொடுக்காத நாளில் காப்பாற்றுவது பேக்கப் மட்டுமே. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். மாட்டிக்கொண்டால் முதலில் நெட் இணைப்பைத் துண்டியுங்கள், பணம் கட்டாதீர்கள், பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்காமல் வைத்திருங்கள். நாளைக்குச் சாவி வெளிவரலாம். பேங்க் பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அடுத்தவர் கம்ப்யூட்டரில் வைரஸ் விடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66-ஆம் பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். செட்டிங்ஸ் திறந்து விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய், கடைசியாக எந்தத் தேதியில் அப்டேட் ஆனது என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் உடனே ஓடவிடுங்கள். வேலை நடுவே ரீஸ்டார்ட் ஆகிவிடுமோ என்று பயந்தால், அதே பக்கத்திலோ அதன் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளேயோ இருக்கும் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அது தொந்தரவு செய்யாது.